சிவப்புத் தொப்பி

சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. சாயம் கலக்க வேண்டாம். ரீங்காரச்சிட்டை, அதாவது ஹம்மிங்பேர்டை, கூப்பிட எங்காவது கொஞ்சம் சிவப்பு தெரிந்தால் போதும். அதனால்தான் என் மனைவி லோர்னாவுக்குச் சிவப்புத் தொப்பி வாங்கிக் கொடுத்தேன்.

எங்கள் கொல்லையில் ஆறு சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டிகள் தொங்கும். அன்று காலை ஐந்தைக் கழற்றிவிட்டேன். ஒரே இடத்துக்கு வந்தால்தான் படமெடுக்க வசதி. நான் துணி மறைப்புக்குள் கேமராவோடு உட்கார்ந்திருப்பேன். ஏணியில் ஏறிப் புட்டியை மாட்டுவது அவள் வேலை.

"ஏணி ஆடுது, டுவைட். வந்து பிடியேன்."

"ரெண்டு நிமிஷம். வேலி மேல உட்கார்ந்திருக்கு."

"நீ அதையே கல்யாணம் கட்டியிருக்கலாம். சர்க்கரைத் தண்ணியோட சமையல் முடிஞ்சிருக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வேலியில் இருந்தது ஊதா நிறத் தொண்டை கொண்ட ஆண் சிட்டு. அரிசோனாவில் இந்தப் பதினோரு வருடத்தில் நான் பார்த்த இரண்டாவது.

ஏணி சரிந்தது. அவள் தலை பாத்திக் கல்லில் மோதியது. புட்டி உடைந்து தண்ணீர் அவள் கையெல்லாம் வழிந்தது.

"டுவைட், காலு அசையல. யாரையாச்சும் கூப்பிடு."

மறைப்பின் இடுக்கு வழியாக உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். பேச்சை நிறுத்திவிட்டாள். பறவை வரும்போது எப்படி இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நான்தான் பழக்கியிருந்தேன்.

அது வந்தது. தொப்பியை ஒருமுறை சுற்றிவிட்டு, அந்தரத்தில் நின்றபடி அவள் உள்ளங்கையிலிருந்து குடித்தது. திரும்பத் திரும்ப வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். முதல் படம் ஏழு பத்துக்கு, கடைசிப் படம் ஏழு ஐம்பத்தொன்றுக்கு. கேமராவே குறித்து வைத்திருக்கிறது, நீங்களும் விசாரணையில் பார்த்துவிட்டீர்கள். முதல் படங்களில் அவள் என்னைப் பார்க்கிறாள். நூறாவது படத்துக்குப் பிறகு பார்க்கவில்லை.

அரைமணி முன்னால் அழைத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். நான் எழுந்திருந்தால் அது பறந்திருக்கும்.

எட்டு ஐந்துக்குத்தான் ஆம்புலன்ஸை அழைத்தேன். நடுவில் பதினான்கு நிமிடம் என்ன செய்தாய் என்று கேட்கிறீர்கள். மற்ற ஐந்து புட்டிகளையும் நிரப்பி, அதே ஏணியில் நானே ஏறி மாட்டினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவ்வளவு சின்ன உயிர் பசியில் தவிப்பதை என்னால் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது.