இப்போதைய பதிப்பு

‘இப்போது’ என்ற சொல்லைக் கட்டுரையில் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும், சார். எழுதிய அன்று அது சரியாக இருக்கும். மென்பொருள் மாறியதும் பொய்யாகிவிடும். பதிப்பு எண்ணையும் மாதம், வருடத்தையும் போட்டுவிட்டால் படிப்பவர் ஏமாற மாட்டார். சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் இதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

நாங்கள் இன்சுலின் பம்ப் விற்கிறோம். அதை இயக்குவது எப்படி என்ற உதவிக் கட்டுரைகள் இணையத்தில் இருக்கின்றன. மருந்தளவுக் கட்டுரையை எழுதியவர் நிதீஷ். ‘இப்போதைய பதிப்பில், ஒன்றரை யூனிட்டுக்கு 15 என்று அழுத்தவும்.’ எந்தப் பதிப்பு என்று எழுதச் சொன்னேன்.

“அப்டேட் வந்தா மாத்திக்கலாம் லா அக்கா,” என்றார்.

பிறகு அவரையே என் பிரிவுக்குத் தலைவராக்கினார்கள். கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

ஜூனில் அப்டேட் வந்தது. புதிய பதிப்பில் 15 என்றால் பதினைந்து யூனிட்டேதான். நிதீஷ் கட்டுரையை மறந்துவிட்டார். எனக்கு அன்று காலையிலேயே தெரியும். திருத்தும் உரிமையும் இருந்தது, ஒரு வரி வேலைதான். ஆனால் கட்டுரையில் இருந்த பெயர் அவருடையது.

அடுத்த வாரம் பிடோக்கிலிருந்து மர்யம் என்ற பெண் உதவி எண்ணுக்கு அழைத்தார். நான்தான் எடுத்தேன். அவருடைய தாயார் ஆமினா பீவியின் பம்ப் தானாகவே அப்டேட் ஆகியிருந்தது. திரை வேறு மாதிரி இருக்கிறது, கட்டுரை பழசாகியிருக்குமோ என்று சந்தேகப்பட்டார். கவனமான பெண்.

“15 போட்டா ஒன்றரை யூனிட்தானே, மிஸ்? உம்மாவுக்கு டோஸ் கூடிடக் கூடாது.”

“கட்டுரையில இருக்கிற மாதிரியே போடுங்க,” என்றேன். நன்றி சொல்லி வைத்தார். அந்த உரையாடலின் ஒலிப்பதிவு உங்களிடம் இருக்கிறது. என் குரலில் பதற்றம் இருந்திருக்காது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்த ஆமினா பீவி எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் நிதீஷை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மேசையில் தலைகவிழ்ந்து அழுதார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றே கட்டுரையை நானே முறையாகத் திருத்தினேன். அதில் இனி யாரும் குறை சொல்ல முடியாது.

வாக்குமூலத்தில் நான் பொய் சொன்னதாக மட்டும் எழுதாதீர்கள், சார். கட்டுரையில் இருந்ததைத்தான் சொன்னேன். நிதீஷுக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. அதற்கு யாராவது ஒருவர் அதன்படி செய்துபார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.