பொடிசுக்கு ஒரு வேலை

அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட எனக்குப் பிடிக்காது. பதினோரு வருடம் அப்படித்தான் சாப்பிட்டேன். பழகியிருக்க வேண்டும், பழகவில்லை.

விசாரிக்க வந்த நீங்கள் நடைமுறை என்னவென்று கேட்டீர்கள். சொல்கிறேன். கல்லூரிக்குள் மாணவர்களுக்குப் பகுதிநேர வேலை கொடுக்கும் பிரிவில் நான் ஒருத்திதான். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, ஒரு மேசை, வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. நூலகத்தில் புத்தகம் அடுக்க, ஆய்வகத்தில் குடுவை கழுவ, வரவேற்பில் ஃபோன் எடுக்க என்று துறைகள் ஆள் கேட்கும். பிள்ளைகள் விண்ணப்பத்தோடு வகுப்பு அட்டவணையையும் தருவார்கள். நேரம் பொருந்துகிறவர்களை அனுப்பி வைப்பேன். துறை ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சொன்னதும் உத்தரவு அடித்துக் கொடுப்பேன். என் கையெழுத்து இல்லாமல் யாரும் சேர முடியாது. வேலை கிடைத்தவர்கள் யாரும் என் அறைக்குத் திரும்பி வருவதில்லை. அதில் அவர்கள் தவறு ஒன்றுமில்லை.

அந்தப் பெண் வேதியியல் இரண்டாம் ஆண்டு. மேசைக்கு மேல் தலை மட்டும் தெரியும் உயரம். நான் பொடிசு என்று கூப்பிட்டேன், அவளுக்கும் பிடித்திருந்தது. அப்பா தையல்காரர். கண்ணில் புரை விழுந்து, ஊசியில் நூல் கோக்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். விடுதிக் கட்டணத்துக்கு இவள் வேலை செய்தாக வேண்டும்.

நூலகர் அவளைப் பார்த்த அன்றே ஃபோன் செய்தார். "இந்தப் பொண்ணையே போட்டுடுங்க மேடம். கையெழுத்து முத்து முத்தா இருக்கு."

அன்றைக்கே உத்தரவை அடித்துவிட்டேன். அது உண்மை. மதியம் வந்ததும் கொடுக்கலாம் என்று இழுப்பறையில் வைத்தேன். அவள் வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முகம் வாடியிருந்தது. டப்பா மூடியில் கொஞ்சம் எடுத்து வைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே அறைத்தோழி தூக்கத்தில் பேராசிரியரைத் திட்டுவதை நடித்துக் காட்டினாள். எனக்குப் புரையேறிவிட்டது. அந்த அறையில் நான் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தேன். எழுந்து போகும்போது சொன்னாள்:

"வரேம்மா."

உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, மேடம்னு சொல்ல வந்தேன்."

"பரவால்ல. நாளைக்கு வா. இன்னும் முடிவாகல."

எனக்கு ஒரு மகன் வெளியூரில் இருக்கிறான். ஃபோனில் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்பான். பதிலுக்குக் காத்திருக்க மாட்டான். இதை நான் காரணமாகச் சொல்லவில்லை.

நூலக வேலை நேரம் பன்னிரண்டு முதல் இரண்டு. ஒரு வாரம் கழித்து நூலகரிடம், அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றேன். வேறொரு பையனை அனுப்பினேன். அடுத்து ஆய்வகம் அவளைக் கேட்டது. மூச்சுத்திணறல் உள்ள பெண், அமில நெடி ஆகாது என்றேன். அவள் உடம்பு மேல் எனக்கும் அக்கறை உண்டுதானே. மூன்றாவதாக வரவேற்பில் கேட்டார்கள். அதற்குள் என்னிடம் காரணங்கள் தீர்ந்துவிட்டன. சொன்ன நேரத்துக்கு வர மாட்டாள், நம்ப முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். உங்கள் கையில் இருக்கும் தாள் அதுதான். கையெழுத்து என்னுடையதுதான்.

ஆனால் ஒரு நாள்கூட அவளை நான் பட்டினி போட்டதில்லை. இரண்டு டப்பாவில் சாப்பாடு கொண்டுவந்தேன். தினமும் கதவருகே நின்று, "இன்னிக்கு ஏதாவது வந்துச்சாம்மா?" என்பாள். "வரும். உக்காரு, ஆறிடப் போகுது" என்பேன். அம்மா என்பதை அவள் அப்புறம் திருத்தவில்லை.

கடைசி மூன்று வாரம் அவள் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. வருவாள், நாலு வாய் சாப்பிடுவாள், பெஞ்சில் சுருண்டு தூங்கிவிடுவாள். பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நினைத்தேன். மின்விசிறியைக் குறைத்துவிட்டு, கதவைச் சாத்தி, கோப்புகளைச் சத்தமில்லாமல் புரட்டுவேன். விரல்நுனிகளில் காகித அட்டை கீறியது போன்ற கோடுகள் இருந்தன. என்னவென்று கேட்கத் தோன்றியது. எழுப்ப மனம் வரவில்லை. மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் நெற்றியைத் தொட்டு எழுப்புவேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிறைவான நாட்கள் குறைவு.

ஊருக்கு வெளியே ஒரு பொட்டலம் கட்டும் கிடங்கில், விடியற்காலை நாலு மணி வேலைக்கு அவள் போய்க்கொண்டிருந்தாள். அங்கிருந்து முதல் வகுப்புக்கு சைக்கிளில் வருவாள். அன்று காலை திருப்பத்தில் சைக்கிள் தானாகச் சாலையின் நடுவே போனது என்று லாரி ஓட்டுநர் சொன்னாராம். மிதித்துக்கொண்டே தூங்கியிருக்கிறாள்.

அன்று மதியம் இரண்டு டப்பாவையும் திறந்து வைத்துக் காத்திருந்தேன். காவலாளி வந்து சொன்னார்.

பத்தாம் நாள், அவளுடைய சான்றிதழ்களை வாங்கக் கல்லூரிக்கு வந்த அப்பா என் அறைக்கும் வந்தார். மேசை விளிம்பைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "ஃபோன் பண்ணா உங்க பேச்சுதாம்மா. நீங்க இல்லன்னா எம்புள்ள என்னிக்கோ படிப்ப விட்டிருக்கும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் அழுதோம். நான் அழுதது நடிப்பில்லை.

அந்த நேரத்தில்தான் நூலகர் துக்கம் விசாரிக்க உள்ளே வந்தார். அப்பாவிடம் மெல்லச் சொன்னார், "நான் அன்னிக்கே வேலை குடுத்தேன் ஐயா. வேணாம்னு சொல்லிட்டாளாமே." அப்பா தலையை என் பக்கம் திருப்பினார். அந்தக் கண்ணுக்கு என் முகம் எவ்வளவு தெரிந்ததோ தெரியாது. என் பிடியிலிருந்து கைகளை மட்டும் உருவிக்கொண்டார்.

இழுப்பறையைத் திறந்து அந்த உத்தரவை நானே எடுத்து நூலகரிடம் கொடுத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆக, மூன்று வேலைகளையும் தடுத்தது நான். அவளை அந்தச் சாலைக்கு அனுப்பியதும் நான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. கிடங்கு வேலையை என்னிடம் சொல்ல வேண்டாம் என்று அறைத்தோழியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "அம்மா எனக்காக எவ்ளோ அலையறாங்க, தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்க" என்றாளாம். என்ன பிள்ளை இவள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவளை நான் எங்கேயும் போக விட்டிருக்கவே மாட்டேன்.