ஏசுவுக்கு ஜொரம்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், விருத்தாசலத்திலிருந்து நல்லூர் போகிற பஸ்ஸில், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "நேத்து எங்க வூட்டுல ஏசுவுக்கு ஜொரம்."

"என்னாக்கா சொல்றீங்க?"

"குடில்ல வச்ச கொழந்த ஏசு பொம்மதான். ஒடம்பு சுடுதுன்னு எங்க பெரிய பொண்ணு எடுத்து, மடியில கெடக்குற இவன் சுவெட்டர சுத்தி மடியில போட்டுக்கிட்டா. நாலு வயசு அவளுக்கு."

"அப்பறம்?"

"நானும் எங்க வூட்டுக்காரரும் ஒரு வாரமா பேசிக்கல. சூளை வேலை முடிச்சு வந்தவரு டிவிய போட்டாரு. 'சத்தம் வேணாம்ப்பா, பாப்பாவுக்கு ஜொரம்'னா பொண்ணு. உடனே நிறுத்திட்டாரு. நெத்தியில ஈரத்துணி போடுன்னு அவரையே வேல ஏவுனா. அவரு என்னப் பாத்து, 'துணி எங்க இருக்குது'ன்னாரு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"கொடியிலன்னேன். நனச்சி எடுத்தாந்து அவகிட்ட குந்திக்கிட்டாரு. நானும் போயி குந்தினேன்."

"பெறவு?"

"கொஞ்ச நேரத்துல அவ தூங்கிட்டா. நாங்க எந்திரிக்கல."