கோரத்துக்கு ஒரு ஆள் குறையுது

ஹலோ... ஹலோ... அப்பாடா, எடுத்தாச்சு! ...யாரா? குரலைக் கேட்டுமா தெரியல? மைலேசி. மைலேசி ஜெரே... ஆமா, இது என் நம்பர் இல்ல. என் நம்பரைப் பாத்தா உங்களுக்குக் காது செவிடாயிடுதே! அதான் சபை கேன்டீன்ல இன்ஷிமாக் களி கிண்டுற அம்மாகிட்ட போனை இரவல் வாங்கிப் பேசறேன்... வைக்காதீங்க, வைக்காதீங்க! வச்சீங்கன்னா ஒலிபெருக்கியில கூப்பிடுவேன், "மாண்புமிகு உறுப்பினர் கசோண்டே அவர்களே, புழு வறுவல் ஆறிப்போகுது"ன்னு... ஆங், அப்படிச் சிரிங்க.

...ஆமா ஆமா, நாங்க எலி சுட்டுத் திங்கற கூட்டம்தான். பெம்பாக்காரர் புழு திங்கலாம், ங்கோனிக்காரி எலி திங்கக் கூடாதோ? ...சரி சரி. நம்ம ரெண்டு இனத்துப் பாட்டன் பூட்டன்லாம் ஈட்டி எடுத்துக் குத்திக்கிட்டு, அலுத்துப்போய்க் கேலி முறைன்னு ஒண்ண வச்சுட்டுப் போயிருக்காங்க. நான் என்ன சொன்னாலும் நீங்க கோவிச்சுக்க முடியாது மச்சான். அத மனசுல வச்சுக்கிட்டுச் சொல்லுங்க, எங்க இருக்கீங்க?

...வயிறா? என்ன வயிறு? ...ஓ, வயித்துவலி! ஏன் மச்சான், ஒரே மசோதாவுக்கு இத்தனை ஆம்பளைக்கா வயித்துவலி வரும்? இது பாலியல் குற்றச் சட்டமா, பேதி மருந்தா? ...சிரிக்காதீங்க. இங்க வந்து பாருங்க. சபாநாயகர் மசோதா பேரை வாசிச்சதும் சியாம்பெசா எந்திரிச்சு ஒதுங்கப் போனார். இன்னும் திரும்பல. அவரைக் கூட்டிட்டு வரப் போனவரும் திரும்பல... முன் வரிசையா? முன் வரிசையில நாற்காலிங்கதான் கூட்டம் நடத்துது.

...அதெல்லாம் பேசினாங்க. நல்லாப் பேசினாங்க. "இனிமே பொண்டாட்டிகிட்ட மனு போட்டுத்தான் பக்கத்துல போகணுமா"ன்னு ஒருத்தர் கேட்டார், எல்லாரும் தொடையத் தட்டிச் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சதும் டீ குடிக்கப் போயிட்டாங்க.

...கேக்குதா? அதான், டீ முடிஞ்சு கூப்பிடற மணி. இனி ரெண்டு பேச்சு, அப்புறம் ஓட்டு. ஓட்டு நேரத்துல தலை எண்ணுவாங்க. கோரத்துக்கு வேண்டிய தலை இல்லன்னா அவ்வளவுதான்... நாளைக்கா? நாளைக்கு ஏது சபை? இன்னைக்கோட கலைக்கறாங்க, அடுத்தது தேர்தல். மசோதாவுக்குப் பால் ஊத்திட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்... ஆமா. ஆமா, ஒரே ஒரு ஆள். பொம்பளைங்க எல்லாரும் உள்ளதான் இருக்கோம். நீங்க வந்து உக்காந்தாப் போதும், கோரம்.

...வேற ஆளா? அதெப்படி மச்சான், பதினேழாம் பிரிவை யார் எழுதினது, நானா? "ஒரு பிள்ளைக்கு நடந்த கொடுமையை ரெண்டு வீட்டுப் பெரியவங்க பாய் விரிச்சுப் பேசி முடிக்கறதுக்கு அது வரப்புத் தகராறு இல்ல. போலீசுக்குப் போன வழக்கை வீட்டுல யாரும் வாபஸ் வாங்கக் கூடாது"ன்னு கமிட்டியில மேஜையத் தட்டினது யாரு? எனக்கு அன்னைக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. புழு தின்னாலும் இவர் மனுஷன்னு நெனச்சேன்.

...ம்... ம்... வண்டி நெரிசலா? இப்பத்தானே வயித்துவலின்னீங்க... பொறுங்க. அது என்ன சத்தம்? ...இல்ல, மணி இல்ல. உங்க பக்கம். ...ஆடா? மச்சான், ஆடு கத்துது! ...ரேடியோவா! எந்த ரேடியோவுல ஆடு செய்தி வாசிக்குது? ...ஒண்ணு இல்ல, ரெண்டு. ரெண்டு குரல் கேக்குது. எனக்கா தெரியாது, நாங்க மாடும் ஆடுமா வளந்தவங்க. என்ன விசேஷம்? யாருக்குக் கல்யாணம், எங்களுக்குச் சொல்லாம?

...

...என்ன?

...உங்க அக்கா மகனா? யாரு, அந்தச் சிசங்காவா? வேலை வேணும்னு சபைக்குக் கூட்டிட்டு வந்தீங்களே, நல்ல சட்டை போட்டுக்கிட்டு... அவன் மேலயா வழக்கு?

...ம்.

...அந்தப் பிள்ளை எத்தனாவது படிக்குது?

...எட்டாவது.

...இல்ல. இருக்கேன். லைன்லதான் இருக்கேன்.

...தெரியும் மச்சான். உங்க வழக்கத்துல அக்கா மகன்தான் வாரிசு, உங்க பேரே அவனுக்குத்தான் போகும். தாய்மாமன்தான் முன்னால நின்னு பேசி முடிக்கணும், அதுவும் தெரியும்... அக்கா அழுதாங்களா? "உன்னை முதுகுல கட்டி வளத்தேனே"ன்னு சொல்லியிருப்பாங்களே... சொன்னாங்களா. ம். ...அந்த வீட்டுப் பெரியவங்க? ஆட்டை வாங்கிக்கிட்டு வழக்கை விடச் சரின்னுட்டாங்களா? ...அம்மா மட்டும் வாயே திறக்கலையா.

ஆக, பதினேழாம் பிரிவு எழுதின கை இப்ப ஆட்டுக் கயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. ஊருக்குத்தான் உபதேசம்... கோவம் வருதா? வரட்டும், வச்சுக்கிட்டுத் தவிங்க! உங்க வீட்டம்மா சொன்னா சண்டை வரும். சபாநாயகர் சொன்னா கட்சி ரெண்டாகும். எலி திங்கறவ நான் சொன்னா நீங்க கேட்டுத்தான் ஆகணும், அதுக்குத்தானே இந்த உறவு? ஒண்ணு சொல்லட்டுமா? இந்தச் சட்டத்தைப் பத்திப் பேசும்போது எல்லா ஆம்பளைக்கும் மகளும் பேத்தியும் ஞாபகம் வருது. ஓட்டுன்னு வந்துட்டா மகனும் மருமகனும் ஞாபகம் வந்துடுது. சியாம்பெசாவுக்கு எங்க எந்த ஆடு காத்திருக்கோ, யார் கண்டா!

...இன்னும் உள்ள போகலையா? வண்டியிலயேதான் இருக்கீங்களா? எவ்வளவு நேரமா? ...காலையிலேருந்தா! ஐயோ மச்சான். ...அந்தப் பிள்ளை இருக்கா அங்க? ...வாசல்ல பாத்திரம் தேச்சுக்கிட்டு இருந்துச்சா. உங்களைப் பாத்துச்சா?

...ஆட்டைப் பாத்துச்சா.

...பாத்திரத்தை அப்படியே போட்டுட்டு உள்ள போயிடுச்சா.

...

அதுக்கு நம்ம மசோதா தெரியாது மச்சான். ஆடுன்னா என்னன்னு தெரிஞ்சிருக்கு.

...என்ன பண்றதா? என்னைக் கேக்கறீங்களா? கயித்த விடுங்க. வெறுங்கையோட உள்ள போங்க. குத்தவச்சு உக்காந்து, கைதட்டி வணக்கம் சொல்லுங்க, முறைப்படி. அந்த அம்மாகிட்ட ஒரே வார்த்தை: "வழக்கை வாபஸ் வாங்காதீங்க." விளக்கம் வேண்டாம், கமிட்டிப் பேச்சு வேண்டாம். சொல்லிட்டு வண்டியை எடுங்க.

...அக்காகிட்ட நான் சொல்றேன். ...ஆமா, நான்தான். சாவு வீட்டுலயே புகுந்து கேலி பேச உரிமை உள்ளவ நான், உங்க அக்கா வீட்டுக்குள்ள போகக் கூடாதா? வெளக்குமாத்தால அடிச்சா வாங்கிக்கறேன். அழுதா, கூட உக்காந்து அழறேன்... இல்ல மச்சான். இது கேலி இல்ல.

...போனை அணைக்காதீங்க. சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போங்க, நான் கேக்கணும். புழு திங்கறவங்களை நம்ப முடியாது.

...

...ஷ்ஷ், ஒரு நிமிஷம்மா, தந்துடறேன். சட்டியைத் தட்டாதே...

...

...கைதட்டறார்...

...

...கேட்டுச்சு. ...கேட்டுச்சு மச்சான், முழுசாக் கேட்டுச்சு. ...அழுதது அம்மாவா, பிள்ளையா? ...ரெண்டு பேருமா. ம்... ம்... இப்ப நீங்க எதுக்கு மூக்கை உறிஞ்சறீங்க? ஓட்டுங்க. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.

...நேரமா? அத என்கிட்ட விடுங்க. கடைசிப் பேச்சு என்னுது. நான் உக்காந்ததும் இன்னொருத்தி எந்திரிச்சு ஒழுங்குப் பிரச்சினை கிளப்புவா, அவ உக்காந்ததும் அடுத்தவ. பொம்பளைங்க ஓயாமப் பேசறோம்னு தினம் சொல்றாங்கள்ல? இன்னைக்கு அத நெஜமாக்கிடறோம்.

...ஆடா? இன்னும் வண்டியிலயா இருக்கு? ...இறக்க நேரமில்லன்னா ஆட்டோடயே வாங்க. ...சிரிக்கட்டும்! நேரா சபை வாசல்ல கொண்டாந்து கட்டுங்க. ஒளிஞ்சிருக்கறவங்க அந்த வழியாத்தானே வீட்டுக்குப் போகணும்? பாத்துட்டுப் போகட்டும், இந்த நாட்டுல ஒரு பொம்பளப் பிள்ளை என்ன விலைக்குப் போகுதுன்னு.

...ஆமா, கேக்குது, கேக்குது, இங்க வரைக்கும் கேக்குது. கத்தட்டும் மச்சான். அந்தப் பிள்ளைக்காக இன்னைக்கு யாராவது கத்தணுமே...

ஹலோ? ...ஹலோ?