ஆல்பன் தலை நிமிராத பயணம்

வேத வசனத்துக்குத் திரும்ப வர்றேன். அதுக்கு முன்னால ஒரு சின்னக் கதை, கேட்டுக்குங்க. நடந்த கதை. கதையில வர்ற ரெண்டு பேருகிட்டயும் கேட்டுட்டுத்தான் சொல்றேன். கடைசி வரிசைக்குக் கேக்குதா? சரி.

தக்கலைப் பக்கம் ஆல்பன்னு ஒரு தம்பி. ஏசி மெக்கானிக். மனைவி விஜிலா, நர்ஸ். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையல. அதுக்குள்ள விஜிலாவுக்குக் குவைத்துல வேலை வந்திருச்சு. ரெண்டு பேரும் பேசி எடுத்த முடிவுதான். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தல.

கிளம்புற நாள் வந்துச்சு. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் கார்ல போறாங்க. விஜிலாவோட அண்ணன் ஓட்டுறாரு. பின்னால இவங்க ரெண்டு பேரும். கார் ஊரைத் தாண்டல... ஆல்பன் போனை எடுத்துட்டான்.

என்ன பண்ணினான்? கேம் ஆடினான்!

அந்தக் காலத்து டிவி கேம் ஞாபகமிருக்கா? பொம்மையெல்லாம் கட்டம் கட்டமாத் தெரியும். அந்த மாதிரியே இப்ப போன்ல வந்திருக்கு. முதுகுல மூட்டையோட ஒரு குட்டி மனுஷன். செங்கல் மேல குதிச்சுக் குதிச்சுப் போகணும். கால் வச்சதும் செங்கல் உதிரும். கீழ பூரா முள்ளு. லேசா உரசினாப் போச்சு... செத்தான். திரும்ப முதல்லேருந்து வரணும். கண்ணைச் சிமிட்ட முடியாதுங்க அந்த விளையாட்டுல.

விஜிலா பேசுறா. "உங்க பிரஷர் மாத்திரை ஃப்ரிட்ஜ் மேல இருக்கு."

"ம்."

"போய் இறங்கினதும் கூப்பிடுறேன்."

"ம்... சே!" செத்துட்டான் அந்தக் குட்டி மனுஷன். திரும்ப முதல்லேருந்து.

களியக்காவிளை தாண்டியாச்சு. விஜிலா கொஞ்சம் நெருங்கி உக்காந்தா. முன்னால அண்ணன் இருக்காரே... மெதுவா, அவன் காதுக்கு மட்டும் கேக்குற மாதிரி கேட்டா. "நான் இல்லன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?"

புருஷனைப் பாத்து ஒரு பொண்ணு கேக்குற கேள்விங்க! இதுக்குப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"ஒரு நிமிஷம் விஜி... இந்த ஸ்டேஜை மட்டும் முடிச்சுக்கறேன்."

அவ்வளவுதான். அவ ஜன்னல் பக்கம் திரும்பிட்டா. அப்புறம் ஒண்ணுமே கேக்கல. ஏர்போர்ட் வந்துச்சு. பெட்டியை இறக்கினான். டிராலியைத் தள்ளினான். "பாத்துப் போ"ன்னான். அவ உள்ள போயிட்டா.

இப்ப நீங்க என்ன நினைக்கிறீங்க? கல்நெஞ்சுக்காரன், இல்லையா? நானும் அப்படித்தான் நினைச்சேன்.

போன இடத்துல, கொஞ்ச நாள்லயே விஜிலாவுக்குத் தெரிஞ்சுது... அவ கர்ப்பமா இருக்கா. ஊருக்குச் சொல்லலாம், இந்த வாரம் சொல்லலாம்னு இருந்தவளுக்கு, சொல்றதுக்கு முன்னாலயே வயித்துல வலி. எந்த ஆஸ்பத்திரியில வேலை பாத்தாளோ, அதே ஆஸ்பத்திரிக் கட்டில்ல நோயாளியா படுத்தா. பிள்ளை தங்கல.

கூட வேலை பாக்குற பொண்ணு சொல்லியிருக்கா, "வீட்டுக்காரருக்குப் போன் பண்ணு விஜிலா. அழுதுடு. மனசு ஆறும்." விஜிலா போனைக் கையில எடுத்தா. அவன் பேரைப் பாத்தா... பாத்துக்கிட்டே இருந்தா. கீழ வச்சுட்டா.

ரெண்டு வருஷம் கழிச்சு லீவுல வந்தப்பத்தான் அதைச் சொன்னா. ஆல்பன் இடிஞ்சு போயிட்டான். "ஏன் விஜி? ஏன் என்கிட்ட சொல்லல?"

அவ கோபப்படல. சாதாரணமாத்தான் சொன்னா. "கார்ல அன்னிக்கு நீங்க என் முகத்தைக்கூடப் பாக்கல. இதைச் சொன்னாலும் 'ம்'முனு சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேன். அதைக் கேக்குற தெம்பு எனக்கு அப்ப இல்லங்க."

அப்பத்தான் ஆல்பன் உண்மையைச் சொன்னான். "உன்னைப் பாத்தா அழுதுடுவேன் விஜி. உங்க அண்ணன் முன்னால அழுதா, நீ போகாம நின்னுடுவியோன்னு நினைச்சேன். வேற எதைப் பாத்தாலும் அழுகை வந்துச்சு. அந்த கேம்லதான் வேற நினைப்பே வராது. அதான் அதைப் பிடிச்சுக்கிட்டேன். நீ உள்ள போனப்புறம் கார்ல உக்காந்து நான் அழுத அழுகை... உங்க அண்ணனைக் கேட்டுப் பாரு."

விஜிலா கேட்டா: "எங்க அண்ணன் பாத்த அழுகையை நான் பாத்திருக்கக் கூடாதா? அதை மனசுல எடுத்துட்டுப் போயிருந்தா, அந்தக் கட்டில்ல நான் தனியா கிடந்திருக்க மாட்டேனே."

...

இப்ப ஒண்ணா இருக்காங்க. நல்லாத்தான் இருக்காங்க. போன மாசம் ஆல்பன் என்கிட்ட வந்தான். "பாஸ்டர், அவ அங்க படுத்திருந்த அன்னிக்கு நான் இங்க என்ன பண்ணிட்டிருந்தேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். ஞாபகமே வரமாட்டேங்குது"ன்னான். அவன் கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

போனைத் தூக்கிப் போடுங்கன்னு சொல்லவா நான் வந்தேன்? இல்லீங்க. அந்தப் போன் இல்லன்னா அவன் பேப்பரை விரிச்சிருப்பான். தூங்குற மாதிரி கண்ணை மூடியிருப்பான். நம்மள்ல எத்தனை பேர் அதைச் செய்யிறோம்! உள்ள பாசம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா உள்ள இருக்கறதை ஆண்டவர் பாப்பாருய்யா... உன் மனைவி எப்படிப் பாப்பா? அவளுக்குத் தெரியறது உன் முகம் ஒண்ணுதானே? அதையும் நீ திருப்பிக்கிட்டா, அவ எதை நம்பி உன்கிட்ட வருவா? கலங்கின முகமா இருந்தாலும் காட்டுங்க. அசிங்கமா அழுதாலும் அவங்க முன்னால அழுங்க.

இப்பப் பக்கத்துல உக்காந்திருக்கவங்களை ஒரு தடவை திரும்பிப் பாருங்க... என்னைப் பாக்காதீங்கய்யா, அவங்களைப் பாருங்க... அவசரமில்ல. பிரசங்கம் நிக்கட்டும். நான் இருக்கேன்.