சக்கரம் நின்ற முப்பத்துநான்கு நிமிஷம்

1948 மார்ச் 14, திருத்தணி போலீஸ் ஸ்டேஷன்.

ரத்தினம்மாள், வயது 22, தகப்பனார் முனியன், விவசாயக் கூலி, கே.ஜி.கண்டிகை. பி.எஸ்ஸி. பௌதிகம் தேறியிருக்கிறேன். தாங்கள் எழுதவேண்டிய வாக்குமூலத்தை நானே எழுதித் தருவதற்கு மன்னிக்க வேண்டும். நேரில் கேட்டால் பாதியில் நின்றுவிடுவேன்.

மலைப் படிக்கட்டின் கீழே வடைக்கடை வைத்திருக்கும் வேதாசலம், சென்ற ஜனவரியில் சென்னையில் நடந்த பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் ஒரு மின்சார எண்ணெய்த் தொட்டி வாங்கிவந்தார். விறகில்லாமல் வடை பொரிக்கலாம். என்னைக் கூப்பிட்டு, "இது எவ்ளோ கரண்ட்டு தின்னும்? நீதான் காலேஜ் படிச்ச பொண்ணாச்சே, கணக்கு போட்டுக் குடும்மா" என்றார். தொட்டியின் தகட்டில் மூன்று கிலோவாட் என்றிருந்தது. கடை தினம் எட்டு மணி நேரம். இரண்டையும் பெருக்கி, நாளொன்றுக்கு 24 யூனிட், மாதம் 720 என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதை அவர் கடைச் சுவரில் ஒட்டிவைத்தார்.

அதன்பின் இம்மாதம் 11-ஆம் தேதி மின்சாரக் கம்பெனிப் பரிசோதகர் வந்தார். தொட்டிக்கென்றே இருக்கும் தனி மீட்டர் முப்பது நாளைக்கு 310 யூனிட்தான் காட்டியது. அவர் சுவரிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, மீதியை மீட்டரில் ஏறாமல் திருடியதாகச் சொன்னார். வேதாசலம், "அது நடுநடுவுல தானே தூங்கிக்கும் சார்" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் அங்கே இருந்தேன். சிரிக்கவில்லை, நம்பவும் இல்லை. அன்று மாலை அவரை இந்த ஸ்டேஷனில் அடைத்தார்கள்.

அதன்பின் நேற்று அவர் மனைவி பாஞ்சாலி எங்கள் வாசலில் வந்து நின்று, "உன் கணக்குதாம்மா என் வூட்டுக்காரர உள்ள வெச்சிகினு கீது. வந்து நீயே பாரு" என்றாள்.

இன்று காலை கடையில் ஏட்டு சிங்காரம் முன்னிலையில் தொட்டியின் ஸ்விட்சைப் போட்டோம். மீட்டரின் சக்கரம் வேகமாகச் சுற்றியது. எண்ணெய் காய்ந்ததும் தொட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். சக்கரம் அப்படியே நின்றது. எண்ணெய் ஆறவில்லை; வடைகள் சிவந்துகொண்டிருந்தன. பாஞ்சாலி அடுத்த ஈடு தட்டிப் போட்டாள். சற்றுப் பொறுத்து மறுபடி 'டிக்'. சக்கரம் ஓடியது. இவ்வளவு சூடு போதும் என்று உள்ளே ஒரு துண்டு உலோகம் அறிந்திருந்தது. சூட்டில் உலோகம் விரியும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியவள் நான். அது அப்படி விரிந்து மின்சாரத்தை நிறுத்துவதைக் கண்டது இன்றுதான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"இன்னாம்மா, மூலவரப் பாக்குற மாதிரி நின்னுகினு கீறே?" என்றார் சிங்காரம்.

"நிக்கட்டும் வுடுங்க, இப்பத்தான் பாஸ் பண்ணுது" என்றாள் பாஞ்சாலி.

ஏட்டின் கடிகாரத்தில் பார்த்ததில், ஒரு மணி நேரத்தில் சக்கரம் ஓடியது 26 நிமிஷம், நின்றது 34. அந்தக் கணக்கில் நாளைக்குப் பத்து யூனிட்டுக்குச் சற்று மேல், முப்பது நாளைக்கு 312. மீட்டர் பொய் சொல்லவில்லை. வேதாசலமும் சொல்லவில்லை. பிசகு என் தாளில்.

மேலே உள்ளது யாரும் சொல்லிக்கொடுக்காமல் நான் கண்டபடி எழுதியது. திரும்பப் படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

ஒன்று கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தேன். பரிசோதகர் அன்று என் தாளைக் கடைவீதியில் எல்லோரும் கேட்க உரக்கப் படித்தார். வேதாசலத்தை விடும்போது இதையும் அதே இடத்தில் படிக்க உத்தரவாக வேண்டும். படிக்க என்னையே அனுமதிக்க வேண்டும்.

(ஒப்பம்) மு. ரத்தினம்மாள்