சத்தம் எந்தப் பக்கம்?

— முட்டை அட்டை வேணவே வேணாம்ணே. பாக்கத்தான் ஷோவா இருக்கும், சத்தத்த ஒண்ணும் நிறுத்தாது. எலிதான் குடும்பத்தோட வந்து குந்திக்கும்.

— அதான் கோணி போட்டேன் அர்ஜுனா. கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை மண்டியில சும்மாவே குடுத்தாங்க. நாலு மடிப்பா மடிச்சு செவுத்துல அடிச்சு, மேல கறுப்புத் துணி. எப்படி?

— செழியண்ணே, நீங்க தாலுக்கா ஆபீஸ் கவுண்டர்ல குந்த வேண்டிய ஆளே இல்ல. கம்மி செலவுல செம்ம வேல!

— ஆமாமா, செம்ம வேல. சினிமா கொட்டாய்னு சொல்லிட்டு உள்ள வந்தா மல்லாட்டை வாசன அடிக்குது. இந்தா அர்ஜுனா, டீ.

— வாங்க வினோதினி அண்ணி. நாலு நாள்ல வாசன போயிடும். புரொஜெக்டரு டியூஷன் சென்டர்ல கழிச்சது, ஸ்பீக்கரு அஞ்சும் நானே ரிப்பேர் பாத்தது, சோபா லாட்ஜ்ல ஏலத்துல உட்டது. ஸ்கிரீனுக்கு செவுத்துல வெள்ளையடிச்சாச்சு. வேங்கிக்கால்ல எவன் வூட்லயும் இந்த மாதிரி கெடயாது.

— அர்ஜுனா, இந்த குண்டு பாக்ஸு ஏன் ‘ங்ஙொய்’னு எரையுது?

— எர்த்து சரியில்லண்ணே, இதோ பாக்கறேன். அண்ணி, சோபாவுல ரெண்டே சீட்டுதான். அண்ணன் வலது பக்கம், நீங்க அவருக்கு எடது பக்கம்.

— எனக்கு எதுக்குப்பா சீட்டு? திங்கக்கெழம பேங்க்ல மாத்தல் கேட்டு எழுதிக் குடுக்கறேன். வேலூருக்கே போயிடப் போறேன், எங்கம்மா வூட்டுக்கு.

— இன்னா அண்ணி இது! அண்ணனுக்குத் தெரியுமா?

— தெரியாம? பக்கத்துலதான நிக்கறாரு. ஏங்க, நான் போறேன்னு சொல்றேன். கேட்டுச்சா?

— அர்ஜுனா, அந்த ஜன்னல் தெர வளையம் ரெண்ட எடு.

— பாத்தியா? இதான் பதிலு. ஒரு வருஷமா இதான்.

— அண்ணி, குடும்ப விஷயத்துல நான் இன்னா பேசறது. குண்டு பாக்ஸ நிறுத்திட்டேன், டெஸ்ட்டு போடறேன். அண்ணே! சோபாவுல குந்துங்க. ஒவ்வொரு ஸ்பீக்கர்லயும் ‘உஸ்’ஸுனு சத்தம் வரும். கண்ண மூடிக்கினு, வர்ற பக்கம் கைய காட்டுங்க.

— இதோ, வலது.

— கரெக்ட்டு. இது?

— இதுவும் வலது.

— இல்லண்ணே, அது எடது பக்க பாக்ஸு. பின்னாடி எடது போடறேன். இப்ப?

— வலதுதான்யா. எடது பக்கம் ரெண்டும் அவுட்டு. ஓட்டச் சரக்க என் தலையில கட்டிட்டியா?

— சத்தியமா இல்லண்ணே, காலையில நல்லா பாடுச்சு. இருங்க, ஒயர மாத்திக் குத்தறேன். இப்ப?

— வலது.

— சரி, ஒண்ணு பண்ணுங்க. சோபாவ திருப்பிட்டேன், ஸ்கிரீனுக்கு முதுகக் காட்டிக் குந்துங்க. இப்ப?

— வலது. அட, கண்ணத் தொறந்து பாத்தா நான் அவுட்டுன்னு சொன்ன பாக்ஸாச்சே இது! இப்ப பாடுதே!

— தப்பா நெனக்காதீங்கண்ணே. கோளாறு பாக்ஸுல இல்ல. திரும்பக் கண்ண மூடுங்க. அண்ணி, அவரு எடது காதுகிட்ட வந்து மெதுவா எதனா சொல்லுங்க.

— என்னத்தச் சொல்ல? ஏங்க. ஏங்க, உங்களத்தான். நான் வினோ.

— சீக்கிரம் சொல்லச் சொல்லு அர்ஜுனா, எவ்ளோ நேரம் கண்ண மூடிக்கினு இருக்கறது?

— ஐயோ, அண்ணாமலையாரே!

— அண்ணி, நான் வண்டியில ஒயரு எடுத்துக்கினு வரேன். பத்து நிமிஷம் ஆவும்.

— எத்தன நாளாங்க?

— என்ன எத்தன நாளு? ஏன் வினோ அழுவற?

— உங்க எடது காது! சுத்தமா கேக்கலையா?

— போன வருஷம் சளி பிடிச்சுதே, அதுலேர்ந்து அடைச்ச மாதிரியே இருந்துச்சு. போயிடும்னு உட்டுட்டேன். கவுண்டர்ல ஜனங்க கத்தித்தான் பேசுவாங்க. இவ்ளோ கம்மியாயிடுச்சுன்னு எனக்கே இப்பதான் தெரியுது.

— அப்ப சித்ரா பௌர்ணமி கிரிவலத்துல, குபேர லிங்கம் தாண்டி நான் கேட்டது?

— நீ எங்க கேட்ட? ஏதோ முனகின மாதிரி இருந்துச்சு, மத்தபடி பதினாலு கிலோமீட்டரும் வாயே தொறக்கல. கோவம் போலன்னு நானும் கம்முனு வந்தேன்.

— மூணு தடவ கேட்டேங்க! அந்தக் கூட்டத்துல, பக்கத்துலயே நடந்து வந்து. ‘உங்களுக்கு என் மேல ஒட்டுதலே இல்லாம போச்சு, நான் வேலூருக்குப் போயிடட்டுமா’ன்னு. நீங்க ‘ம்’ன்னீங்க.

— வேலூருக்கா? நீயா? அடிப்பாவி! காதுல விழலன்னா ‘ம்’ சொல்லிடுவேன் வினோ. ஆபீஸ்லயும் அதான். ‘என்ன, என்ன’ன்னு எத்தன தடவ கேக்கறது? வெக்கமா இருக்கு.

— அந்த ஒத்த ‘ம்’முக்கு ரெண்டு மாசமா தலகாணிய நனச்சிட்டிருக்கேன் நான்.

— நீ ஏன் எப்பப் பாரு எடது பக்கமே வர?

— உங்கம்மா சொன்னதுதான். ‘எங்க ஊருலதான் அண்ணாமலையாரு அம்மனுக்கு எடது பாகத்தக் குடுத்தாரு, நீயும் அந்தப் பக்கத்த உடாத’ன்னு கல்யாணத்தன்னிக்கே சொல்லிட்டாங்க. நடந்தாலும் படுத்தாலும் பன்னெண்டு வருஷமா உடல.

— அண்ணாமலையாருக்கு எடது காதே அம்மனோட காது. அவருக்கு என்ன கவல? நான் எங்க போறது?

— சிரிப்பு காட்டாதீங்க. நல்லா அழக்கூட முடியல.

— நீ பேசறத நிறுத்திட்டன்னுதான் வினோ இந்த ரூமே. படம் பாக்கவாவது பக்கத்துல வந்து உக்காருவன்னு. அதான் ரெண்டே சீட்டு.

— நான் போனப்பறம் பொழுது போவறதுக்குன்னு நெனச்சேன். உள்ள வரவே பிடிக்கல.

— அப்ப வேலூருக்குப் போக ஏற்பாடே பண்ணிட்டியா?

— மாத்தல் கேட்டு எழுதின லெட்டரு கைப்பையிலதான் இருக்கு, பேங்க்ல இன்னும் குடுக்கல. அப்பாடா! இப்பதான் மூச்சே வருது. மொதல்ல நாளைக்கு காது டாக்டரு.

— ம்.

— இது கேட்டு சொன்ன ‘ம்’மா, கேக்காம சொன்னதா?

— கேட்டுதான் சொன்னேன், சத்தியமா!

— அப்ப எங்கம்மா ஆடி மாசம் பூரா இங்க வந்து தங்கறதுக்கு ‘ம்’ சொன்னீங்களே?

— எந்த ஆடி?

— வர்ற ஆடிதான்.

— அண்ணே, ஒயரு எடுத்துட்டேன். வரலாங்களா?

— அங்கயே இரு அர்ஜுனா, இன்னும் ஒரு டெஸ்ட்டு பாக்கி. ஏங்க, தள்ளி உக்காருங்க. இப்ப வலது பக்கம் வந்துட்டேன். கண்ண மூடிக்கோங்க. மூணு தடவ கேட்டத நாலாவது தடவயா கேக்கறேன். வேலூருக்குப் போயிடட்டுமா?

— ம்ஹூம்.